55 நிமிடம்

மார்ச் 11, செவ்வாய்

மதியம் ஒரு மின்னஞ்சல். "தங்கள் பயண நேரத்தில் ஒரு சிறிய மாற்றம்." சிறியதா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும், அவர்கள் இல்லை. முதல் விமானம் 55 நிமிடம் பிந்திப் புறப்படுமாம். இரண்டாவதில் மாற்றமே இல்லை. நடுவில் 1 மணி 50 நிமிடம் இருந்தது, இப்போது 55 நிமிடம்.

மார்ச் கடைசி ஞாயிறு கோடை அட்டவணை தொடங்குகிறது. விமான நிறுவனங்கள் வருஷத்துக்கு இரண்டு தரம் இப்படி நேரத்தைக் கலைத்துப் போடுவார்கள். ஜனவரியில் டிக்கெட் எடுத்தபோது இதை யோசிக்கவே இல்லை.

கீழே இரண்டு பொத்தான்கள். "ஏற்கிறேன்." "வேறு விமானங்களைப் பார்க்க." எதையும் தொடாமல் மூடி வைத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

18:10-க்கு வந்து சேரும். 19:05-க்கு அடுத்தது.

18:10 என்பது சக்கரம் தரையைத் தொடும் நேரம் இல்லை, விமானம் தன் இடத்தில் வந்து நிற்கும் நேரம். அதுவரை சந்தோஷம். ஆனால் 19:05-உம் ஏறும் நேரம் இல்லையே, நகரும் நேரம். வாயிலை 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக 18:45. எங்கள் இருக்கை 34-ஆம் வரிசை. முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து, மேலிருந்து பையை இறக்கி, போனை எடுத்து "வந்துட்டேன்" என்று சொல்லி முடித்து நகர 15 நிமிடமாவது ஆகும். மிச்சம் 20. அதற்குள் ஒரு பாதுகாப்புச் சோதனை, ஒரு பாஸ்போர்ட் வரிசை, அப்பா.

அப்பாவைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

அதே எண் விமானம் தினமும் பறக்கிறது. போனில் பார்க்கலாம். இன்று 12 நிமிடம் தாமதம்.

மார்ச் 14, வெள்ளி

போன் பண்ணினேன். முக்கால் மணி நேரம் அதே பாட்டு. கடைசியில் ஒரு பையன் எடுத்தான். நல்ல பையன்தான்.

"மேடம், இது லீகல் கனெக்‌ஷன்தான்."

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு குறைந்தபட்ச மாற்று நேரம் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டார்கள். வியன்னாவில் 25 நிமிடம் போதும் என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பிராங்க்பர்ட்டில் 45. நாங்கள் மாற வேண்டிய இடத்திலும் 45-தானாம். எனவே 55 என்பது தாராளம். பத்து நிமிடம் உபரி!

45 நிமிடம் யாருடைய காலுக்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பொதுவா, மேடம்" என்றான்.

வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அதே நாள் விடிகாலையில் கிளம்பும் விமானம். 13:25-க்குப் போய்ச் சேரும், அங்கிருந்து அதே 19:05. இடைவெளி 5 மணி 40 நிமிடம். அவர்களே நேரத்தை மாற்றியதால் ஒரு தடவை இலவசமாக மாற்றித் தருவார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அஞ்சே முக்கால் மணி நேரம் அப்பா அந்த இரும்பு நாற்காலியில் எப்படி உட்காருவார்? சாய முடியாது. கைப்பிடி இருப்பதால் படுக்கவும் முடியாது.

மார்ச் 15, சனி

6 நிமிடம் முன்னதாக.

மார்ச் 16, ஞாயிறு

சாயங்காலம் அப்பாவை நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். சும்மா போகலாம் என்றுதான் சொன்னேன், கைக்கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேன். வீட்டிலிருந்து தெருமுனை 400 மீட்டர். 9 நிமிடம் 40 விநாடி.

நடுவில் இரண்டு முறை நின்றார். முதல் முறை, குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். இரண்டாவது முறையும் லேஸ்தான். அப்போதுதான் கவனித்தேன். லேஸ் அவிழவே இல்லை. கட்டியிருந்ததை அவரே இழுத்து அவிழ்த்து, ஒரு சுற்றுச் சுவரில் உட்கார்ந்து, நிதானமாக மறுபடி கட்டுகிறார். இரட்டை முடிச்சு. முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். மூச்சு சமநிலைக்கு வந்ததும் எழுந்துகொள்கிறார்.

எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை.

மார்ச் 17, திங்கள்

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை எனக்கு இணைப்பு விமானம் தவறியிருக்கிறது. நிறுவனத்தின் பெயர் எதற்கு. வாயிலுக்குப் போனபோது கதவு மூடி நாலு நிமிடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் அப்படியே நிற்கிறது. விமானி தெரிகிறார். கூண்டுப்பாலம் மெதுவாகப் பின்னால் நகர்கிறது. "அதோ நிக்குதே" என்று நான் சொல்ல, அந்தப் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் "க்ளோஸ் ஆயிடுச்சு" என்றாள். அதற்குப் பிறகும் 20 நிமிடம் அது அங்கேயேதான் நின்றது. நான் தரையில் என் பையின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று எனக்கு எந்த அவசரமும் இல்லை. மறுநாள் போனேன். அவ்வளவுதான்.

மார்ச் 19, புதன்

அத்தான் பேசினார். அவர் எல்லாவற்றுக்கும் தைரியம் சொல்லும் ஆள்.

"ஒரே டிக்கெட்தானே? அப்ப உனக்கென்ன கவலை? விட்டுட்டா அடுத்ததுல அவன்தான் ஏத்தி அனுப்பணும்." உண்மைதான். இரண்டும் ஒரே ஆறெழுத்து முன்பதிவு எண்ணில் இருக்கின்றன. தனித்தனியாக எடுத்திருந்தால் இரண்டாவது நிறுவனத்துக்கு நாங்கள் வராத பயணிகள், அவ்வளவுதான். டிக்கெட்டும் போயிருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். பெட்டி ஏறி ஆள் ஏறவில்லை என்றால் பெட்டியைத் தேடி இறக்காமல் விமானம் கிளம்பாது, அந்த வேலைக்குச் சோம்பல்பட்டே நமக்காகக் காத்திருப்பார்களாம். ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே ஒரு விமானத்தில் குண்டு வெடித்தது 1988-இல். ஆள் இல்லாமல் பயணித்த ஒரு பெட்டியில்தான் குண்டு இருந்தது. இந்த விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பாக இருப்பது அதற்கப்புறம்தான். ஆனால் 55 நிமிடத்தில் பெட்டியும் ஏறியிருக்காதே? இதைக் கேட்டேன். அத்தான் சிரித்தார்.

அவர் சொல்லாமல் விட்டது: "அடுத்தது" என்பது மறுநாள் 19:05. நாங்கள் கிளம்புவது செவ்வாய், ஆக புதன் 19:05. நாங்கள் அங்கே போய்ச் சேரும்போது வியாழன் விடிந்திருக்கும்.

மார்ச் 20, வியாழன்

31 நிமிடம் தாமதம். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

சக்கர நாற்காலி பேச்சை எடுத்தேன்.

"நான் என்ன நோயாளியாம்மா?"

நோயாளிக்கு மட்டும் இல்லை அப்பா, அதிலேயே வகை இருக்கிறது என்று விளக்கினேன். டபிள்யூ-சி-எச்-ஆர் என்றால் படி ஏறுவார், இருக்கை வரை நடப்பார், நீண்ட தூரம் மட்டும் முடியாது. எஸ் என்றால் படியும் முடியாது. சி என்றால் இருக்கையிலேயே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். "நீங்க ஆர்-தான்" என்றேன். ஏதோ பரீட்சையில் நல்ல மார்க் மாதிரி. எழுந்து உள்ளே போய்விட்டார்.

ராத்திரி படிக்கும்போது இன்னொன்று தெரிந்தது. சக்கர நாற்காலி கேட்டவர்களைப் பெரும்பாலும் கடைசியில்தான் இறக்குவார்கள். 34-ஆம் வரிசைக்கும் பின்னால். அப்புறம் வரிசையெல்லாம் தாண்டி வேகமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள், சரி. ஆனால் அந்த ஆள் நாற்காலியோடு வந்து நிற்க வேண்டுமே. நமக்கு மட்டுமா வருவார்.

மார்ச் 24, திங்கள், இரவு 2 மணி

தூக்கம் இல்லை.

"நேரத்துக்கு வந்தது" என்று கணக்குப் பார்க்கும்போது 15 நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணுவதில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையே அப்படித்தான் எண்ணுகிறது. ஆக 14 நிமிடம் பிந்தி வந்தால் அவர்கள் பட்டியலில் அது சரியான நேரம். என் பட்டியலில் 20-இலிருந்து 14 போனால் 6.

ஐரோப்பிய விதிப்படி மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் நஷ்ட ஈடு உண்டு. இணைப்பு தவறினாலும் கடைசி ஊருக்குச் சேரும் நேரத்தை வைத்தே கணக்கு. ஒரு வழக்கு படித்தேன். விமானம் 2 மணி 58 நிமிடத் தாமதத்தில் தரையைத் தொட்டது, 3 மணி 3 நிமிடத் தாமதத்தில் வந்து நின்றது. எதை வந்து சேர்ந்த நேரம் என்பது? 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஒரு கதவாவது திறக்கும் நேரம். பறக்கும்போது மட்டும் இல்லை, கதவு திறக்கும் வரை ஆள் அடைபட்டுத்தானே கிடக்கிறான் என்பது மாதிரி காரணம். படித்ததும் அந்த நீதிபதிகள் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது.

ஆனால் வியாழக்கிழமையை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்.

மார்ச் 26, புதன்

அக்கா பேசினாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. வேறு என்னென்னவோ பேசினாள்.

மார்ச் 27, வியாழன்

4 நிமிடம். ஒன்றுமே இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

கோடை அட்டவணை இன்று முதல். இனிமேல் நான் பார்ப்பது ஒத்திகை இல்லை, அசல் நேரம்.

18:01-க்குத் தரையிறங்கிவிட்டது. கை தட்டாத குறை. அப்புறம் திரையில் அந்தக் குட்டி மஞ்சள் விமானம் ஓடுபாதை ஓரமாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. நின்றது நின்றபடி. நிறுத்த இடம் காலியாகவில்லை போல. 18:19-க்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதுவும் கட்டடத்தை ஒட்டி இல்லை, தள்ளி, திறந்த வெளியில். அங்கே நிறுத்தினால் படியில் இறங்கிப் பேருந்து ஏற வேண்டும். பேருந்து நிறைந்தால்தான் எடுப்பார்கள்.

பேருந்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

18:03. கட்டடத்தை ஒட்டியே. இப்படி ஒரு நாள் அமைந்தால் போதும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் அப்பாவின் மேசையில் பழைய உறை ஒன்று. பின்பக்கம் பென்சிலில், அவருடைய சாய்ந்த எண்களில்:

19:05
18:10
——
0:55

கீழே இன்னொரு கணக்கு, 19:05-இலிருந்து 13:25. 5:40. அதைச் சுற்றி ஒரு வட்டம்.

"எப்பப் பாத்தீங்க?"

"மெயில் எனக்கும்தானே வந்துச்சு."

ஆமாம். டிக்கெட்டில் அவருடைய மின்னஞ்சலையும் நான்தான் கொடுத்திருந்தேன். மூன்று வாரமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

"முன்னாடியே போய் உக்காந்துக்கலாம்மா. உக்கார்றது எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார். உக்கார்றது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது. சுவரில் உட்கார்ந்து லேஸ் கட்டுவதை நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியும்.

போன் பண்ணி மாற்ற ஏழு நிமிடம் ஆனது. 20 நாள் தூக்கம், ஏழு நிமிடம். இருக்கை 9-ஆம் வரிசை. இப்போது அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று 18:02. ஒருவேளை அவசரப்பட்டுவிட்டேனோ.

அடுத்த வாரம் இந்நேரம்.

மருந்து எல்லாம் கைப்பையில். பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகும், ஆனாலும் நம்பி வைக்க மாட்டேன். பெட்டி தாமதமானால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம் என்கிறது மான்ட்ரியல் ஒப்பந்தம். மாத்திரைக்கு 21 நாள் தெரியாது. சிரப் 100 மில்லிக்கு மேல், மருத்துவர் சீட்டை அதோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அப்பா கழுத்துக்கு ஊதும் தலையணை வேண்டாம் என்கிறார். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

18:47.

பார்த்ததும் முதலில் வந்தது சந்தோஷம், வெட்கமாக இருந்தாலும் எழுதி வைக்கிறேன். மாற்றியது சரி, சரி, சரி. அப்புறம் அந்த 34-ஆம் வரிசை ஞாபகம் வந்தது. யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கையில் போனை வைத்துக்கொண்டு, கதவு திறப்பதற்கு முன்பே எழுந்து, குனிந்தபடி நின்றுகொண்டு.

19:05 விமானம் இன்று 19:04-க்கே நகர்ந்துவிட்டது. அதையும் பார்த்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சக்கர நாற்காலிக்கு 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். அந்தக் கெடு இன்று. நான் வாயைத் திறக்கவில்லை. விடிகாலையிலேயே அப்பாவே வந்து வாசலில் நின்றார். "அந்த ஆர்-னு ஒண்ணு சொன்னியே. அதையே சொல்லிடு."

ஏப்ரல் 8, செவ்வாய், காலை 5:10

செக்கின் முடிந்தது. பெட்டியில் கடைசி ஊரின் பெயர் போட்ட பட்டை ஒட்டியாயிற்று, இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

முதல் விமானம் 50 நிமிடம் தாமதமாம். பலகையில் சிவப்பில். வயிற்றில் ஏதோ புரண்டது, அப்புறம்தான் கணக்கு ஞாபகம் வந்தது. 4 மணி 50 நிமிடம் மிச்சம் இருக்கிறது.

சக்கர நாற்காலியோடு ஒரு பையன் வந்தான். அப்பா அவனிடம் ஊர், படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டு, என் கைப்பையை வாங்கி நாற்காலியில் உட்கார வைத்தார். ஊதும் தலையணையை அதன் மேல் வைத்தார். இப்போது அந்தப் பையன் பையைத் தள்ளிக்கொண்டு போகிறான், அப்பா கைப்பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நடக்கிறார். கொஞ்சம் வேகமாகவே போகிறார்கள். நான் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும்