தையல் கடையில் என் முதல் ப்ரோட்டோடைப்

புதிதாக ஆப் செய்யக் கற்றுக்கொள்கிறவர்கள் யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ப்ரோட்டோடைப்பை, அதாவது ஆப்பின் முழுசாக முடிக்காத மாதிரி வடிவத்தை, கையில் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், "நல்லா இருக்கு தம்பி". யாரும் பொய் சொல்வதில்லை. ஒரு பையன் தூக்கம் கெட்டு ஏதோ செய்துகொண்டு வந்திருக்கிறான், அவன் முகம் வாடக் கூடாது என்கிற நல்ல மனசு அது. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு பட்டனைக்கூட இடம் மாற்ற முடியாது.

நான் செய்துகொண்டிருப்பது தையல் கடைகளுக்கான அளவு நோட்டு. யார் துணி, என்ன அளவு, என்றைக்கு டெலிவரி, எவ்வளவு அட்வான்ஸ், இவ்வளவுதான் அதில். ஃப்ளட்டர் என்கிற ஆப் செய்யும் கருவியில் சில திரைகளை மட்டும் எழுதி, எதையும் சேமித்து வைக்காத நிலையில், ஆப்பை மூடினால் எல்லாம் அழிந்துவிடும் என்ற நிலையிலேயே கடைகளுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அது போதும். பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி தயாராவதற்கு முன்பே அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை வெளியே எடுத்து அதில் நாள் பார்ப்பதுபோலப் பார்ப்பாராம். அதை வைத்தே எதற்கெல்லாம் கை பைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டார். அதோடு, அரைகுறையாக இருக்கிற ஒன்றைப் பற்றித்தான் நம் ஆட்கள் வாய் திறந்து குறை சொல்வார்கள். பளபளவென்று முடித்துக்கொண்டு போனால் பாராட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

சரி, வேறு எப்படிக் கேட்பது? ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். "இப்ப ஒருத்தர் வந்து சட்டை தைக்கக் குடுக்குறார்னு வெச்சுக்கோங்க, நோட்டுல எழுதறத இதுல எழுதுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டம். அவர் தவறான இடத்தைத் தட்டும்போது "அங்க இல்லண்ணே, மேல" என்று நாக்கு துடிக்கும். நாம் சொல்லிக் கொடுத்துவிட்டால் அந்தச் சோதனை அதோடு முடிந்தது.

மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பயன்படுத்தச் சொல்கிற முறை ஒன்று உண்டு. ஐபிஎம் கணினி நிறுவனத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982-இல் எழுதிவைத்தது, இன்றைக்கும் எல்லோரும் பின்பற்றுவது. என் அனுபவத்தில் கடைக்காரர்களிடம் அது அப்படியே நடக்கவில்லை. கவனம் கூடினால் மனிதர் பேச்சை நிறுத்திவிடுகிறார். ஆனால் இரண்டு பேரிடம் ஒரு போனைக் கொடுத்தால், மாஸ்டரும் உதவிக்கு இருக்கும் பையனுமாக, அவர்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். "இத அமுக்குடா", "அது டெலிவரி தேதி இல்லண்ணே, இன்னிக்குத் தேதி". நமக்கு வேண்டியது அந்தப் பேச்சுத்தான்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் இதைப் பார்த்தேன். மாஸ்டர் டேப்பைப் பிடித்துக்கொண்டு "தோள் பதினேழே கால்" என்றார். பையன் 17 என்று தட்டினான். அப்புறம் விரல் நின்றுவிட்டது. நோட்டாக இருந்தால் பதினேழுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ¼ போட்டிருப்பான். இங்கே புள்ளியைத் தட்டி, 1 தட்டி, சாய்கோடு எங்கே என்று தேடினான். கிடைக்கவில்லை. அதற்குள் மாஸ்டர் அடுத்த அளவைச் சொல்லிவிட்டார், பெட்டியில் 17.1 என்றே நின்றது. கால் இஞ்சு என்பது 0.25 என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் அளவு சொல்கிற வேகத்தில் யாரும் தசமக் கணக்குப் போடுவதில்லை. தையல் கடையில் எண் என்றால் முழு எண்ணும் கால், அரை, முக்காலும்தான். ஆகவே எண் பலகையிலிருந்து புள்ளியை எடுத்துவிட்டு, கீழே ¼, ½, ¾ என்று மூன்று பெரிய பட்டன்கள் வைத்தேன். அடுத்த கடையில் யாரும் அங்கே தயங்கவே இல்லை. இதை எந்தப் படிவத்தில் கேள்வியாகக் கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது.

5 பேரிடம் காட்டினால் போதும் என்று, பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று சோதிப்பதில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதைப் பலரும் படித்திருப்பீர்கள். ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டு வருவார், 5 பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்தக் கட்டுரையிலேயே இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறோம்: பயன்படுத்துகிறவர்கள் வேறு வேறு விதமானவர்களாக இருந்தால் ஒவ்வொரு வகையிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஜென்ட்ஸ் டெய்லர் கடைகளோடு நிறுத்தியிருந்தால் எனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிற ஒரு அக்காவிடம் கொடுத்தபோது அளவு போடும் திரையைப் பார்த்துவிட்டு, "யாருப்பா அளவெடுக்க நிக்குறா? அளவு பிளவுஸக் குடுத்துட்டுப் போயிருவாங்க, கை மட்டும் ஒரு இஞ்சு கூட வைங்கக்கான்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான்" என்றார். அவருக்கு வேண்டியது அந்த ஒரு வரிக் குறிப்பும், துணி எது என்ற அடையாளமும். துணி ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிச் சீட்டோடு பின் குத்தி வைக்கிறார், அதுதான் அவருடைய தேடல் வசதி. பெயரை எழுத்தில் தேடுவதைவிடத் துணியின் போட்டோவைப் பார்த்து எடுப்பது அவருக்குச் சுலபம். இரண்டாவது ப்ரோட்டோடைப்பில் முதல் திரையே துணிப் படங்களாக மாறியது அவரால்தான்.

அதே அக்கா கேட்ட இன்னொரு கேள்வி: "இந்த அளவையெல்லாம் வேற யாரும் பாக்க முடியுமா?" பெண்களின் உடல் அளவு, பக்கத்திலேயே பெயர், போன் நம்பர். அந்தக் கேள்விக்கு அப்புறம் சோதனைக்குக் கற்பனைப் பெயர்களையும் கற்பனை அளவுகளையும் மட்டுமே பயன்படுத்துகிறேன். கடைக்காரரே நீட்டினாலும் அவருடைய நோட்டைப் படம் எடுப்பதில்லை. பேச்சைப் பதிவு செய்வதானாலும் கேட்டுவிட்டுத்தான். இதில் தளர்வு கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

புது வசதி கேட்பார்கள், நிறையக் கேட்பார்கள். "வாட்ஸ்அப்புல பில்லு போகுமா தம்பி?" என்று ஒரு மாஸ்டர் கேட்டார். உடனே குறித்துக்கொண்டு போய்ச் செய்ய உட்காராமல், கடைசியாக எப்போது அது தேவைப்பட்டது என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலுக்கும் பில்லுக்கும் சம்பந்தமே இல்லை. "தச்சாச்சா, தச்சாச்சா"ன்னு நாள் முழுக்கப் போன் வருகிறது, மெஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றையும் எடுக்க வேண்டியிருக்கிறது, அதுதான் அவர் தலைவலி. கேட்ட வசதி ஒன்று, வேண்டியது வேறு. "நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் வேண்டியது வெளியே வரும், "இப்படி ஒண்ணு இருந்தா பயன்படுத்துவீங்களா?" என்று கேட்டால் மறுபடியும் அந்த நல்ல மனசுதான் பதில் சொல்லும்.

ப்ளே ஸ்டோர் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு ஆப் வெளியிடுவதற்காகத் தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், ஆப்பை வெளியிடுவதற்கு முன் குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை, அதாவது நாம் சேர்த்தவர்கள் மட்டும் ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்கிற சோதனை, நடத்த வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்தது. கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பில் ஆள் சேர்த்தும் இந்தக் கணக்கை முடித்துவிடலாம்தான், ஆனால் அவர்களில் ஒருவர்கூட டேப் பிடித்ததில்லை என்றால் அந்த இரண்டு வாரமும் வீண். முடிந்தவரை அந்தத் தொழிலில் இருப்பவர்களையே அதில் சேருங்கள்.

போகிற நேரமும் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தையல் கடைப் பக்கம் போகவே கூடாது, ராத்திரி முழுக்க மெஷின் ஓடும். ஆடியில் கல்யாண முகூர்த்தம் இல்லாததால் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போனால் உட்கார்ந்து பேசுவார்கள். அடுத்த ப்ரோட்டோடைப்பை அப்போதுதான் கொண்டுபோகப் போகிறேன். அதில் புதிதாக ஒரே ஒரு பட்டன், "தைத்தாச்சு". மாஸ்டர் அதைத் தட்டினால் துணி கொடுத்தவருக்குச் செய்தி போய்விடும். போன் வருவது குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.