கூண்டு இறங்கட்டும்

நவம்பர் 17

வாடை இறங்கிவிட்டது. வடக்குக் கரையில் கிடந்த வள்ளங்கள் ஒவ்வொன்றாகப் பாம்பன் தெற்குவாடிப் பக்கம் வருகின்றன. சென்னையா, திருவனந்தபுரமா? இன்னும் முடிவில்லை. இரண்டு திரைவிழாவும் டிசம்பரில் ஏறக்குறைய அதே வாரத்தில்தான் விழுகின்றன. வருடா வருடம் இதே வம்பு.

நவம்பர் 18

சென்னையிலிருந்து அக்கா மகன் போனில்: “மாமா, பேசாம இங்கிட்டு வந்துருங்க. சாப்பாடு, படுக்கை எல்லாம் வீட்டுல. பகல்ல படம், சாயங்காலம் கச்சேரி.”

அவன் சொல்வதில் நியாயம் உண்டு. சபாக்களில் மதிய நேரக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது, நேராக உள்ளே போய் உட்காரலாம். கேன்டீனிலும் டிக்கெட் கேட்பதில்லை. ராயப்பேட்டையில் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தால் மியூசிக் அகாடமிக்கு நடந்தே போகலாம். ஆனால் அகாடமி சீசன் டிசம்பர் 15இல் தொடங்கி ஜனவரி 1 வரை. படவிழா அதற்கு முன்பே தொடங்கி, சீசன் சூடு பிடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது சில நாள்தான். இரண்டும் வேண்டுமென்றால் விழாவின் பின்பாதிக்குப் போக வேண்டும். பின்பாதியில் நல்ல படங்களின் முதல் காட்சி முடிந்திருக்கும், இரண்டாம் காட்சியில் கூட்டம் இரட்டிப்பாக இருக்கும்.

நவம்பர் 20

திருவனந்தபுரம்.

காரணம் ஒன்றே. அங்கே போட்டிப் பிரிவில் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்கள் மட்டும்தான். கான் விழாவில் மே மாதம் பேர் வாங்கிய பிரெஞ்சுப் படம் எப்படியும் ஆறேழு மாதத்தில் ஏதாவது ஒரு ஓடிடியில் வந்து நிற்கும். இந்தப் படங்கள் வராது. அந்தத் திரை, அந்த நாள், அவ்வளவுதான்.

அமிர்தா எக்ஸ்பிரஸ் மதுரையோடு நிற்காமல் ராமேஸ்வரம் வரை வருவதும் ஒரு காரணம். மதியம் ஏறினால் விடியுமுன் திருவனந்தபுரம் தம்பானூரில் இறக்கிவிடும். ஸ்லீப்பர், வெயிட்டிங் லிஸ்ட் 41.

நவம்பர் 21

38.

நவம்பர் 23

படிக்கிற பையனையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பதினெட்டு ஆகாவிட்டால் முடியாது. விழாப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்காது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்கித்தான் திரையிடுகிறார்கள். பதிவு செய்த பிரதிநிதிகளுக்கு மட்டும் காட்டுவோம் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. படத்துக்குப் படம் டிக்கெட் விற்காமல் மொத்தமாக டெலிகேட் பாஸ் கொடுப்பது அதனால்தான். விலக்கு வராத படம், அட்டவணையில் அச்சாகியிருந்தாலும் அன்றைக்கு ஓடாமல் போகலாம். எனவே எந்த நேரத்துக்கும் கையில் ஒரு மாற்றுப் படம் வேண்டும்.

பதிவு செய்யும்போது கொடுத்த அடையாள அட்டையையே கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பாஸ் வாங்குகிற இடத்தில் வேறு அட்டையை நீட்டினால் வரிசையிலிருந்து ஒதுக்கி நிற்க வைத்துவிடுவார்கள்.

நவம்பர் 25

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். மீன்வளத்துறை டோக்கன் கொடுக்கவில்லை. கடலுக்கு யாரும் போகவில்லை.

படப் பட்டியல் வந்துவிட்டது. அட்டவணை இன்னும் வரவில்லை. பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. கதைச்சுருக்கத்தை நம்பவே கூடாது. எல்லாச் சுருக்கமும் “ஒரு பெண் தன் ஊருக்குத் திரும்புகிறாள்” என்றுதான் தொடங்கும். பார்க்க வேண்டியவை வேறு. முதலில் படத்தின் நீளம். அடுத்து, எந்தெந்த நாடுகள் சேர்ந்து தயாரித்தன என்பது. செனகல் படம் என்றிருக்கும், கூடவே பிரான்சும் ஜெர்மனியும் இருக்கும். ராட்டர்டாம் விழாவின் ஹ்யூபர்ட் பால்ஸ் நிதி, பெர்லினின் வேர்ல்ட் சினிமா பண்ட் என்ற பெயர்கள் கடைசியில் வந்தால், எழுத்து நிலையிலேயே யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்துத் தேர்ந்த படம் என்று அர்த்தம். மூன்றாவது, முதலில் எங்கே திரையிட்டார்கள் என்பது. கானில் கிரிட்டிக்ஸ் வீக் என்றால் இயக்குநரின் முதல் அல்லது இரண்டாம் படம், அதற்குமேல் அங்கே எடுப்பதில்லை. புதிய கை எப்படி எடுக்கிறது என்று பார்க்க அந்தப் பிரிவு போதும். ஆகஸ்டில் லொகார்னோ, ஆகஸ்ட் கடைசியில் வெனிஸ், செப்டம்பரில் டொராண்டோ. அங்கே ஓடியவை டிசம்பருக்குள் இந்தப் பக்கம் வந்துவிடுகின்றன. பெரிய பரிசு வாங்கிய படத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். பரிசு வாங்கிய படத்துக்கு வரிசை நீளம், அதைப் பின்னால் பார்க்க வேறு வழியும் உண்டு.

நவம்பர் 26

மழை. கரண்ட் இல்லை. 35.

நவம்பர் 28

பாலத்தைப் பற்றித்தான் ஓயாமல் யோசனை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். புதுப் பாலத்திலும் காற்றுமானி உண்டு, காற்று மிஞ்சினால் ரயிலை விடமாட்டார்கள். அப்போது வண்டி மண்டபத்தோடோ ராமநாதபுரத்தோடோ நின்று, அங்கிருந்தே திரும்பக் கிளம்பும். தீவுக்குள் இருப்பவன் பஸ் பிடித்து ரோட்டுப் பாலம் வழியாகப் போய் ஏற வேண்டியதுதான்.

இதற்கு முன்யோசனை ஒன்று உண்டு. ஏறும் இடத்தை ராமநாதபுரம் என்று மாற்றிவிடலாம். ஐஆர்சிடிசியிலேயே செய்யலாம். மாற்றிய பிறகு ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ ஏறும் உரிமை போய்விடும். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. காற்று எப்படி இருக்கும் என்று பார்த்து, கடைசிக்கு முந்தைய நாள் முடிவெடுக்கலாம்.

நவம்பர் 29

காற்று. காற்று. காற்று.

டிசம்பர் 2

கூண்டு இறங்கவில்லை. தெருவில் பேச்சு முழுக்க அதுதான்.

படங்களுக்குச் சாவி என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. காட்சி ரத்தானால் “ரீல் வரலையா” என்று ஆபரேட்டரைத் திட்டுகிறார்கள். ரீல் காலம் போய் எத்தனையோ வருடம் ஆயிற்று. படம் இப்போது ஹார்டு டிஸ்கில் டிசிபி என்ற டிஜிட்டல் கோப்புகளாக வரும். விழாவுக்கு வருபவற்றில் பெரும்பாலானவை பூட்டியே வரும். திறப்பதற்குத் தனியாக ஒரு சிறு கோப்பு, கேடிஎம், மின்னஞ்சலில் வரும். அந்தச் சாவி ஒரே ஒரு தியேட்டரின் ஒரே ஒரு சர்வருக்கானது. குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரத்துக்குள்தான் வேலை செய்யும். கூட்டம் அதிகமாக இருக்கிறதே, பெரிய ஹாலுக்கு மாற்றலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஹால் மாறினால் சர்வர் மாறும், சர்வர் மாறினால் புதுச் சாவி வேண்டும். அதைக் கொடுப்பவர் பாரிஸில் தூங்கிக்கொண்டிருப்பார்.

இன்னொரு சிக்கல் நேரம். சாவி செய்யும் இடத்தில் உலகப் பொது நேரத்தைப் போட்டு, 12ஆம் தேதி பூஜ்ஜிய மணியிலிருந்து என்று எழுதினால், நமக்கு அது காலை ஐந்தரை. முந்தைய இரவே ஓட்டிப் பார்க்க ஆபரேட்டர் உட்கார்ந்தால் திறக்காது. சோதிக்காமலேயே காலைக் காட்சி தொடங்கும். ஒலி ஐந்து பக்கமும் வருகிறதா, சப்டைட்டில் கோப்பு சேர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் ரசிகர்களோடு சேர்ந்துதான் அவருக்கும் தெரியும். முதல் நாள் முதல் காட்சிகளில் குளறுபடி கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றைக்கு மிக முக்கியமான படத்தை வைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு காட்சி இருந்தால் இரண்டாவதைப் பிடிக்கலாம்.

டிசம்பர் 3

22. நகர்கிறது.

டிசம்பர் 5

அட்டவணை வந்துவிட்டது!

சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நான்கு முழ வெள்ளைத்தாளில் கோடு போட்டாயிற்று. மேலே நேரம், பக்கவாட்டில் ஹால். முதலில் ஒரே ஒரு காட்சி உள்ள படங்களைச் சிவப்பில் எழுத வேண்டும். அவை அசையாது. அடுத்து இரண்டு காட்சி உள்ளவற்றைப் பென்சிலில், அழிக்கத் தோதாக. மூன்று காட்சி உள்ளவற்றை இப்போது எழுதவே வேண்டாம், ஓட்டை விழுந்த இடத்தில் பின்னால் அடைத்துக்கொள்ளலாம்.

பிறகு கணக்கு. ஒன்பதேகாலுக்கு 110 நிமிடப் படம் என்றால் 11.05க்கு முடியாது. படத்துக்கு முன்னால் போடும் விழாவின் சிக்னேச்சர் பிலிம், இயக்குநர் வந்திருந்தால் மேடையில் இரண்டு வார்த்தை, எல்லாம் சேர்த்து 11.15. படம் முடிந்து கேள்வி பதில் இருந்தால் இன்னும் கால் மணி நேரம். அடுத்த காட்சி பதினொன்றரைக்கு அதே வளாகத்தில் என்றால் பிடிக்கலாம். கைரளி, ஸ்ரீ, நிளா மூன்றும் தம்பானூரில் ஒரே வளாகம், ஒரு படியிலிருந்து இன்னொரு படி. வழுதக்காட்டில் கலாபவன் என்றால் ஆட்டோவே கிடைத்தாலும், போய் வரிசையில் நிற்க நேரமில்லை. முன்பதிவு செய்த இடமும் நீங்கள் வரும்வரை காத்திருக்காது. காட்சி தொடங்கும் சமயத்தில் காலி இடங்களை வெளியே நிற்கும் வரிசைக்குத் திறந்துவிடுவார்கள்.

தாமதம் சேர்ந்துகொண்டே போகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. காலையில் ஐந்து நிமிடம் என்றால் மாலை ஆறு மணிக் காட்சி இருபது நிமிடம் தள்ளிப் போயிருக்கும். ஓட்டமாக ஓடிப் பிடிக்க வேண்டிய மாற்றங்களைக் காலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மாலையில் ஒரு ஹாலில் உட்கார்ந்தால் அங்கேயே இரண்டு படம் பார்ப்பதுதான் லாபம்.

ஒரு நாளைக்கு மூன்று. ஐந்து பார்ப்பவர்கள் உண்டு, பெருமையாகவும் சொல்வார்கள். ஐந்தாவது படத்தின் நடுவில் அவர்கள் தலை தொங்குவதைப் பின்வரிசையிலிருந்து பார்க்கலாம். மூன்று படம், நடுவில் வயிறார ஒரு சாப்பாடு, டாகூர் தியேட்டர் வாசலில் ஒரு மணி நேரம் சும்மா நிற்பது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் எந்தப் படம் தேறும், எது தேறாது என்ற உண்மையான சேதி கிடைக்கும். யார் எந்தப் படத்தில் பாதியில் எழுந்து வந்தார் என்பதைக் கேட்டால் போதும். எழுந்து வந்தவரின் ரசனை தெரிந்தால், அந்தப் படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்பதும் தெரிந்துவிடும்.

டிசம்பர் 6

ஆறு மணிக் கட்டத்தில் சிவப்பு மேல் சிவப்பு. கிர்கிஸ்தான் படமும் பொலிவியா படமும் ஒரே நேரம், இரண்டுக்கும் ஒரே காட்சி. என்ன ஈவிரக்கம் இல்லாத அட்டவணை!

டிசம்பர் 7

பாலத்தில் ரயில் போகிறது. சத்தம் கேட்டது.

ஆனாலும் ஏறும் இடத்தை மாற்றுவதா வேண்டாமா?

டிசம்பர் 8

சப்டைட்டில் இருக்கும் படத்துக்கு எங்கே உட்காருவது என்பது தனிக் கலை. எழுத்து திரையின் அடிவிளிம்பில் ஓடும். இருக்கைகள் படிப்படியாக ஏறும் ஹாலில் கவலையில்லை. தரை சமமாக இருந்தால் முன்னால் இருப்பவர் தலை இரண்டாம் வரியை மறைக்கும், பதில் சொல்லும் வரி எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும். நடைபாதை ஓர இருக்கை உத்தமம். தலையைச் சற்றுச் சாய்த்தால் தெரியும், மோசமான படம் என்றால் யார் காலையும் மிதிக்காமல் வெளியேறலாம். ரொம்ப முன்னால் உட்கார்ந்தால் முகத்துக்கும் எழுத்துக்கும் கண் ஓடி ஓடியே படம் முடிந்துவிடும். நடுவைத் தாண்டி மூன்று நான்கு வரிசை பின்னால் நமக்குச் சரி. பழைய படத்தை மீட்டெடுத்துப் போடும்போது மட்டும் முன்னால் போகலாம். அவை சதுரத்துக்குப் பக்கமான சட்டத்தில் இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்பு விட்டுப் படம் திரையின் நடுவில் சிறியதாகத்தான் விழும்.

நிசாகந்தி திறந்தவெளி. அங்கே ஓடுவது கூட்டத்தோடு பார்க்க வேண்டிய படம், சிரிப்பு, சண்டை, இசை. மெல்லிய ஒலியை நம்பியிருக்கும் படத்தை அங்கே பார்ப்பது வீண்.

டிசம்பர் 9

ஆர்ஏசி 12. உட்கார்ந்தாவது போகலாம். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இன்னொருவரோடு பாதிப் பாதி.

அக்கா மகன் இன்னும் விடுவதாக இல்லை. “மலையாளம் தெரியாம என்ன மாமா பண்ணுவீங்க?” படம் கிர்கிஸ் மொழியில், எழுத்து ஆங்கிலத்தில். இதில் மலையாளம் எங்கே வருகிறது?

டிசம்பர் 10

காலையில் காற்று தணிந்த மாதிரி இருந்தது, மதியத்துக்கு மேல் மறுபடி தெற்குவாடியில் பனை ஓலை எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது. ஏறும் இடம் ராமநாதபுரம் என்று மாற்றியாயிற்று. இனி பஸ்தான்.

மூட்டை: ஹால் ஏசிக்கு ஒரு முழுக்கைச் சட்டை. பவர் பேங்க், முன்பதிவு முழுக்கப் போனில் என்பதால் இது இல்லாமல் ஆகாது. மறுநாள் படங்களுக்கு முந்தைய நாள் காலையே பதிவு திறக்கும், சில நிமிடத்தில் நல்லவை போய்விடும். படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திறந்தால் கோட்டை விட்டதுதான், அந்த நேரத்தில் ஹாலுக்கு வெளியே நிற்க வேண்டும். கிடைக்காவிட்டால் சோர வேண்டாம், முன்பதிவில்லாத வரிசை என்று தனியாக உண்டு. முக்கால் மணி நேரம் முன்னால் போனால் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுவார்கள். தண்ணீர் பாட்டில். பென்சில், அழிரப்பர். அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு, வரிசையில் நிற்பதற்கு அதைவிடத் தோதான தீனி கிடையாது.

இரவு ஒன்பதைத் தாண்டி சார்ட். எஸ் 4, 31. முழுப் படுக்கை!

டிசம்பர் 11

பஸ் மண்டபம் தாண்டிவிட்டது. வண்டி ராமேஸ்வரத்திலிருந்தே கிளம்புகிறதாம், பாலத்தில் வேகம் குறைத்து விடுகிறார்களாம். பரவாயில்லை.

நாளைக்கு மூன்று மணிக்கு ஸ்ரீயில் அந்தப் பிலிப்பைன்ஸ் படம். நீளம் 214 நிமிடம் என்று இப்போதுதான் திருத்திப் போட்டிருக்கிறார்கள், அப்படியானால் ஆறு மணிக் கட்டம் இரண்டுமே