நான் நன்றாக இருந்த நாட்கள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை எனக்கு. ஐப்பசி மழையில் படுத்தவன் கார்த்திகை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் தூங்கியும் கைகால் நனைந்த சாக்கு போலக் கனத்தது. கொழுந்து செடியிலேயே முற்றியது. ஆள் விட்டுப் பறிக்கச் சொல்லக்கூட வாய் வரவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்னதை வைத்து வேறென்ன நினைப்பார்? மூன்றாவது வாரம் சட்டென்று தெளிந்தது. இரவு இரண்டு மணிக்குக் கவாத்துக் கத்தி தீட்டினேன். மச்சானைத் தொலைபேசியில் எழுப்பி, குன்னூரில் டீத்தூள் கடை போடுவது பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். மாத்திரை வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷம். என் மனைவிக்குப் பயம்.

அவள்தான் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த மருத்துவர் படுத்துக்கிடந்த நாட்களைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "தூக்கம் குறைந்தும் அலுப்பே தெரியாமல் ஓடிய நாட்கள் முன்பு உண்டா?" என்றார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தேன்.

"அந்த நாற்றுக் கதையைச் சொல்லுங்கள்" என்றாள் மனைவி.

சித்திரையில் ஒரு வாரம். அவள் வளையலை அடகு வைத்து 800 சில்வர் ஓக் நாற்று வாங்கினேன். மரம் வளர்ந்ததும் மிளகுக்கொடி ஏற்றுவதாகத் திட்டம். எங்கள் குளிருக்கு மிளகு சரிவராது என்பது ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். பாதிக்கு மேல் கறுப்புப் பையோடு வீட்டுக்குப் பின்னால் நின்றபடியே காய்ந்தன. ஆனால் என் நினைவில் அது வாழ்நாளின் சிறந்த வாரம். அதைப் போய் நோய்க்கணக்கில் யாராவது சொல்வார்களா?

பைபோலார், அதாவது சோர்வும் மிதமிஞ்சிய எழுச்சியும் மாறிமாறி வரும் இருதுருவக் கோளாறு என்றார் மருத்துவர். சோர்வை மட்டும் பார்த்தால் மனச்சோர்வும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கும். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ பிரித்துக் காட்டாது. நான்கு நாட்களாவது நீடித்த எழுச்சி எப்போதாவது வந்திருக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வந்தவர்களுக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலரை அது மறுபக்கம் தூக்கிப் போட்டுவிடும்.

பழைய மாத்திரையை நிறுத்தி லித்தியம் எழுதினார். அது ஒரு உப்பு. குறைந்தால் பலனில்லை, கூடினால் விஷம். ஆகவே மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டுவிட்டு, விடியற்காலைப் பஸ்ஸில் இறங்கி, காலை ஒன்பதுக்குக் கை நீட்டுவேன். அவ்வப்போது தைராய்டு, சிறுநீரகச் சோதனையும் உண்டு. மலைக்குளிரில் தாகமே எடுக்காது. இந்த மருந்துக்காகத் தண்ணீரைக் கடனே என்று குடிக்கிறேன். முதுகுவலிக்கு வழக்கமாகப் போடும் ஐபுபுரோஃபனும் கூடாதாம், லித்தியம் அளவை ஏற்றிவிடும். மூட்டை தூக்குகிறவனுக்கு இதுதான் பெரிய இழப்பு.

கொழுந்துக் கணக்கு எழுதும் நாட்காட்டியில் இப்போது நான் தூங்கிய நேரத்தையும் மனைவி எழுதுகிறாள். இரண்டு இரவு சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்தால் மருத்துவருக்குத் தொலைபேசி போகும். போன வாரம் ஒரு நாள் 4 என்று இருந்தது. பக்கத்திலேயே பொடி எழுத்தில்: "காட்டெருமை வந்தது. நானும் தூங்கவில்லை."