மூட்டுக்குள் எந்த உலோகம்?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. நிரப்பித் தந்த படிவத்தில் மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்டிருந்தார்கள். உலோகம் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கோ சாதாரணக் காதணி போட்டால் இரண்டே நாளில் காது புண்ணாகிவிடும். கைக்கடிகாரத்தின் பின்மூடி படும் இடம் சிவந்து அரிக்கும். நிக்கல் ஒத்துக்கொள்ளாது. கழற்றி வைத்தால் சரியாகிவிடும் என்பதால் இதுவரை பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கழற்றவே முடியாத ஒன்றை எலும்போடு ஒட்டப் போகிறார்கள் என்பது அன்று இரவுதான் உறைத்தது.

மறுநாளே போய், "டாக்டர், எனக்குள் வைக்கப்போவது எந்த உலோகம்?" என்று கேட்டேன்.

அவர் மேசையில் இருந்த மாதிரி மூட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். நல்ல கனம். தொடை எலும்பின் முனையில் தொப்பி மாதிரி மாட்டும் பளபளப்பான பாகம் கோபால்ட்-குரோமியம் கலவை. அதில் குரோமியம் 27 முதல் 30 சதவீதம், மாலிப்டினம் 5 முதல் 7 சதவீதம், மீதி பெரும்பாலும் கோபால்ட். நிக்கல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கீழ்க்கால் எலும்பின் தலையில் உட்காரும் தட்டு டைட்டானியம் கலவை. அதில் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம். இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்.

"எல்லாவற்றையும் டைட்டானியத்திலேயே செய்துவிடலாமே?"

"உடம்புக்கு அது ரொம்ப இணக்கம்தான். ஆனால் உரசுகிற இடத்துக்கு ஆகாது, தேய்ந்து துகள் உதிரும். சரி, முன்பு கணுக்காலில் பிளேட் வைத்திருந்தீர்களே, அப்போது ஏதாவது தொந்தரவு வந்ததா?"

இரண்டு வருடம் உள்ளே இருந்தது, ஒன்றுமே இல்லை என்றேன். அது 316எல் துருப்பிடிக்காத எஃகு, அதில் நிக்கல் 13 முதல் 15 சதவீதம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோல் காட்டும் எதிர்ப்பும் உள்ளே இருக்கும் திசு காட்டும் எதிர்ப்பும் ஒன்றல்ல, நிக்கல் ஒவ்வாமை உள்ள பலர் கோபால்ட்-குரோமியம் மூட்டோடு நன்றாகவே நடக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். இருந்தாலும் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்டுக்கு, அதாவது தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனைக்கு, எழுதிக் கொடுத்தார்.

முதுகு முழுக்கச் சின்னச் சின்ன ஒட்டுகள். நிக்கல், கோபால்ட், குரோமியம், அப்புறம் மூட்டை ஒட்டப் பயன்படும் எலும்பு சிமெண்டின் சேர்மானங்கள். 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது, சொறியவும் கூடாது. அறுவை சிகிச்சையைவிட இந்த இரண்டு நாள்தான் கொடுமை! ஒட்டுகளை எடுத்ததும் ஒரு முறை பார்த்தார்கள், நான்காம் நாள் மறுபடியும் பார்த்தார்கள். தாமதமாக எழும்பும் தடிப்பும் உண்டு என்பதால் அந்த இரண்டாவது பார்வையைத் தவறவிடவே கூடாது. நிக்கலுக்குக் கொப்புளமே வந்திருந்தது. கோபால்ட்டுக்கும் லேசான தடிப்பு. சிமெண்டுக்கு எதுவும் இல்லை.

சோதனையில் தடித்தால் மூட்டு தோற்றுவிடும் என்றும் பொருளில்லை, தடிக்காவிட்டால் உத்தரவாதம் என்றும் பொருளில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் தொடை பாகத்தில் பெரும்பங்கு கோபால்ட்தான் என்று தெரிந்த பிறகு எனக்கு மனம் ஒப்பவில்லை. மாற்றாக ஆக்சிஜனேற்றிய சிர்கோனியம் இருந்தது. 2.5 சதவீதம் நையோபியம் கலந்த சிர்கோனியத்தைக் காற்றில் சூடேற்றும்போது அதன் மேற்பரப்பே கறுத்து, சுமார் 5 மைக்ரான் தடிமனில் செராமிக் ஆகிவிடுகிறது. மேலே பூசிய பூச்சு அல்ல, உலோகமே மாறிய தோல். அதையே கேட்டு வாங்கினேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, மறுநாளே வாக்கர் பிடித்து நின்றேன். மூன்றாம் மாதமும் முழங்கால் வெதுவெதுப்பாகவே இருந்ததில்தான் பயந்துபோனேன், உலோகம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று. முதலில் கிருமித்தொற்று இல்லையென்று ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்தார்கள். மூட்டு மாற்றியவர்களுக்குச் சில மாதங்கள் இந்தச் சூடு இருப்பது வழக்கமாம். ஆறாம் மாதம் தணிந்தது.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது மறக்காமல் ஒன்று செய்தேன். ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் மாதிரி, அளவு, தயாரிப்புத் தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை அறுவை சிகிச்சைக் குறிப்பில் ஒட்டுவார்கள். அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கி, போனிலும் படம் எடுத்து வைத்தேன். பின்னொரு நாள் முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனபோது, உடம்பில் உலோகம் உண்டா, என்ன உலோகம் என்பதுதான் முதல் கேள்வி. போனை நீட்டினேன். எண்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, உள்ளே வரச் சொன்னார்கள்.