சென்கோ முதல் செக்‌ஷன் எஃப் வரை: மகனுக்கு ஈஎச்சி பிளான் வாங்கிய அனுபவம்

இங்கிலாந்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்காக எழுதுகிறேன், குறிப்பாகப் பேச்சு தாமதமாக வந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு. மகன் இயர் ஒன்னில் இருந்தபோது, அவனை சென் சப்போர்ட்டில் போட்டிருக்கிறோம், சென்கோவைப் பாருங்கள் என்று டீச்சர் சொன்னார். சென்கோ என்பவர் சிறப்புக் கல்வித் தேவை உள்ள பிள்ளைகளுக்கான ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஆசிரியர். சென் சப்போர்ட் என்றால் பள்ளி தன் கைக்காசிலிருந்தே கொடுக்கும் கூடுதல் உதவி. மகனுக்குக் கிடைத்தது, வாரம் ஒரு முறை நாலைந்து பிள்ளைகளோடு உட்கார வைத்துப் படம் காட்டிப் பேச வைப்பது. அது அவனுக்குப் போதவில்லை.

அதற்கு மேல் வேண்டுமென்றால் ஈஎச்சி (எஜுகேஷன், ஹெல்த் அண்ட் கேர்) பிளான்தான். பிள்ளைக்கு என்ன தேவை, அதற்கு என்ன உதவி என்று 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூர்க் கவுன்சில் எழுதித் தரும் ஆவணம் இது, தேவைப்பட்டால் 25 வயது வரை நீளும். முதலில் நீட்ஸ் அசெஸ்மென்ட், அதாவது பிள்ளையின் தேவைகளை மதிப்பிடும்படி, கவுன்சிலிடம் கேட்க வேண்டும். பள்ளிதான் கேட்க முடியும், இன்னும் இரண்டு டெர்ம் போகட்டும் என்று எங்களிடம் சொன்னார்கள், ஆனால் சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. பெற்றோரே நேரடியாகக் கவுன்சிலுக்கு எழுதலாம், டயக்னோசிஸ் கையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதை எங்களுக்கு விளக்கியது செண்டியாஸ். ஒவ்வொரு கவுன்சில் பகுதிக்கும் உள்ள இலவச ஆலோசனைச் சேவை அது, தயங்காமல் கூப்பிடுங்கள்.

அசெஸ் செய்வார்களா மாட்டார்களா என்ற பதில் 6 வாரத்துக்குள் வர வேண்டும், எல்லாம் முடிய 20 வாரம் என்பது கணக்கு. பிள்ளையை மதிப்பிட எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் (கல்வி உளவியலாளர்) கிடைக்கவில்லை என்று எங்களுக்கு அதையும் தாண்டி இழுத்தது. போனில் பேசினால் பதிவு நிற்காது என்பதால், ஒவ்வொரு முறையும் கெடு தேதியைக் குறிப்பிட்டு ஈமெயில்தான் போட்டேன்.

அப்புறம் பிளானின் டிராஃப்ட் (வரைவு) வந்தது. கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் தருவார்கள், அதில் பாதியையாவது, பிள்ளைக்குக் கொடுக்கும் உதவியைச் சொல்லும் பகுதியான செக்‌ஷன் எஃபுக்கு ஒதுக்குங்கள், ஏனென்றால் அதில் எழுதியிருக்கும் உதவியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது கவுன்சிலின் சட்டக் கடமை. எங்கள் டிராஃப்டில் ஸ்பீச் தெரபி 'தேவைக்கேற்ப' என்று இருந்தது. அப்படி எழுதிவிட்டால் நாளைக்கு யாரிடம் போய் என்ன கேட்பது? யார் கொடுப்பார்கள், வாரம் எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்று எழுதச் சொன்னோம். செக்‌ஷன் பி-யில் உள்ள ஒவ்வொரு தேவைக்கும் எஃபில் பதில் இருக்கிறதா என்று நானும் மனைவியும் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தோம். சாப்பாட்டு ஹாலின் சத்தம் அவனால் தாங்க முடியாது என்று பி-யில் தெளிவாக இருந்தது, எஃபில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதிக் கேட்டதும் சேர்த்தார்கள். இப்போது அவன் அமைதியான அறையில் ஒரு நண்பனோடு சாப்பிடுகிறான்.

பள்ளியின் பெயர் வரும் செக்‌ஷன் ஐ டிராஃப்டில் காலியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். கவுன்சில் மறுத்துவிட்டால் விட்டுவிடாதீர்கள், ட்ரிப்யூனலுக்கு, அதாவது மேல்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போக இரண்டு மாதம் இருக்கிறது, மறுப்புக் கடிதம் வந்த அன்றே செண்டியாஸைக் கூப்பிடுங்கள்.