விட்சர் 3-க்கு முன் பழைய இரண்டும் வேண்டுமா?

2015-இல் வந்த விட்சர் 3 கணினி ஆட்டத்தை நிறுவிய பிறகும், 2007-இல் வந்த முதலாவதையும் 2011-இல் வந்த இரண்டாவதையும் முடித்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டுமா என்ற யோசனையிலேயே எனக்கு இரண்டு வார இறுதிகள் கழிந்துவிட்டன.

முதலாவதைத் தொடங்கிப் பார்த்தேன். பயோவேர் நிறுவனத்தின் அரோரா எஞ்சினை (ஆட்டங்களை உருவாக்க உதவும் அடிப்படை மென்பொருள்) மாற்றியமைத்துச் செய்யப்பட்ட அந்த ஆட்டத்தில் வாள்வீச்சு முழுவதும் தாளத்தில் இருக்கிறது. திரையிலுள்ள வாள் குறி தீப்பற்றியதுபோல் ஒளிரும் கணத்தில் மவுஸைச் சொடுக்கினால் அடுத்த வீச்சு தொடரும், அவசரப்பட்டால் அறுந்துபோகும். கதாநாயகன் கெரால்ட் நினைவிழந்தவனாக அறிமுகமாவதால் புதியவர்களுக்கும் கதை பிடிபடுகிறது. ஆனால், விசிமா நகரின் அதே தெருக்களில் அங்குமிங்கும் ஓடவைக்கும் நடுப்பகுதியில் என் பொறுமை தீர்ந்தது.

இரண்டாவதை விடக் கூடாது என்பதே என் கட்சி. படைத்தலைவன் ரோச், எல்ஃப் கிளர்ச்சியாளன் இயோர்வெத் இருவரில் யாருடன் சேர்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் இரண்டாம் அத்தியாயமே வேறாகிவிடுகிறது. முடிவில் எதிராளி லெத்தோவை உயிரோடு விட்டால் மூன்றாவதில் அவனை மீண்டும் சந்திக்கலாம். இரண்டாவதில் எடுத்த முடிவுகளை மூன்றாவதுக்குக் கொண்டுசெல்லும் பழைய சேமிப்புக் கோப்பு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு: மூன்றாவதின் தொடக்கத்தில் அதற்கான தெரிவை இயக்கிவிட்டால், அரண்மனையில் கெரால்டுக்குச் சவரம் நடக்கும்போது நில்ஃப்கார்டு பேரரசின் தளபதி ஒருவர் கேட்கும் கேள்விகளுக்கு நாம் சொல்லும் பதில்களே முந்தைய முடிவுகளாகக் கொள்ளப்படும். (சவரக்கத்தி கழுத்தில் இருக்கையில் விசாரணை!)

நேற்றிரவு இரண்டாவதைத் தொடங்கிவிட்டேன். மூன்றாவது, ஹார்ட் டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொண்டு காத்திருக்கிறது.