ஒரு எழுத்துதான், ஆனால் மரியாதை அதில் இருக்கிறது

ஜெர்மன் பி1 (இடைநிலை) வகுப்புத் தாள்களைத் திருத்திவிட்டு இப்போதுதான் எழுந்தேன். மனசு கேட்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

வகுப்பில் பாதிப் பேர் நர்ஸ்கள். ராத்திரி டியூட்டி முடித்து நேரே வருகிறவர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஜெர்மனிலேயே பேசுங்கள் என்று சொன்னது நான்தான். பேசுகிறார்கள், கூச்சம் போய்விட்டது, எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் அந்தக் கை அப்படியே தேர்வுத் தாளுக்கும் வந்துவிடுகிறது.

ஜெர்மனில் பெயர்ச்சொல் எல்லாமே பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். சாட்டில் ஜெர்மன்காரர்களே பலர் அதைப் பார்ப்பதில்லை. சரி, அவர்களுக்கு எங்கே போட வேண்டும் என்று தெரியும். நம் பிள்ளைகளுக்கோ தாய்மொழியில் பெரிய எழுத்தே கிடையாது. 'ஸீ' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் 'நீங்கள்'. சிறிய எழுத்தில் 'அவள்' அல்லது 'அவர்கள்'. மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பெண் நான்கு இடத்திலும் சிறிய எழுத்துதான் போட்டிருந்தாள். முடிவில் 'வணக்கங்களுடன்' என்று முழுசாக எழுதாமல் 'எம்எஃப்ஜி' என்று மூன்றே எழுத்து.

ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனத்தின் பி1 எழுத்துத் தேர்வு 60 நிமிடம். அதில் முறையான கடிதத்துக்குச் சுமார் 40 சொல்தான். அவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை தவறு தாங்காது.

குழுவை மூடப் போவதில்லை. நாளையிலிருந்து ஒரே செய்தியை இரண்டு முறை எழுதச் சொல்லப் போகிறேன்: தோழிக்குப் போனில், அப்புறம் மேலதிகாரிக்குப் பேனாவால்.

அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கே போன் செய்தேன். "இனிமே பாத்துப் போடறேன் மேடம்" என்றாள்.